முப்பத்தேழாம் நம்பர் கால்

கோமளா அக்கா இறந்துபோன செய்தி, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் எனக்கு வந்தது. அழைத்தவர் அவருடைய கணவர் ஏகாம்பரம் அண்ணன். லாரிச் சத்தத்துக்கு மேலே பேசியே பழகியவர் என்பதால், அவர் போனில் பேசினால் நான் எப்போதும் ஒரு சாண் தள்ளித்தான் பிடித்துக்கொள்வேன். அன்று காதோடு அழுத்தி வைத்தும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு முறை கேட்ட பிறகு, "கோமளா போய்ட்டாம்மா" என்றார். காலையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்ற நினைப்பில்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களில் பாதிப் பேர் இப்போது வேறு கம்பெனிகளுக்கும் வேறு ஊர்களுக்கும் போய்விட்டீர்கள். சாவுக்கு வர முடியாதவர்கள் எனக்குப் போன் செய்து, "நம்ம முப்பத்தேழு அக்காவா?" என்று கேட்டீர்கள். ஆமாம், அவரேதான்.

அவரை அறியாதவர்களுக்கு அந்தப் பெயர் விளங்காது. ஐரோப்பாவுக்குப் போகும் பெண்கள் ஷூவை முதலில் ஒரே ஓர் அளவில்தான் மாதிரி செய்து பார்ப்போம். அந்த அளவு முப்பத்தேழு. அதை ஒருவர் காலில் போட்டு, நடந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மற்ற அளவுகளுக்குத் தோல் வெட்டுவோம். தையல் லைனில் ஹெல்ப்பராகச் சேர்ந்த ஒரு பெண்ணின் கால் வார்த்து எடுத்ததுபோல முப்பத்தேழாக இருப்பதை யாரோ கவனித்து, சாம்பிள் ரூமுக்கு அழைத்து வந்தார்கள். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாக எங்கள் கம்பெனியிலிருந்து கப்பலேறிய பெண்கள் ஷூ எதுவானாலும் முதலில் கோமளா அக்காவின் காலில் ஏறிவிட்டுத்தான் போனது. அவர் சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதி, ஷூ கேட்ட வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவது என் வேலை.

அவர் ஷூ போட்டுப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். எழுந்து நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். வெள்ளைக்காரர்கள் வந்திருந்தாலும் முதலாளியே நின்றாலும் அவர் கண்ணைத் திறக்கும்வரை சாம்பிள் ரூமில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டோம். பிறகு வராண்டா முனைவரை நடந்துவிட்டு வருவார். வந்து ஒரே வார்த்தை. "ஆச்சு" என்றால் ஆச்சு. "பத்தல" என்றால் பேட்டர்ன் மாஸ்டர் ரஃபீக் பாய் தலையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் நான், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "ஷூ போட்டுக்கினா ஷூ ஞாபகமே வரக் கூடாது ஸ்டெல்லா. வந்துச்சுன்னா அது சரியில்ல" என்றார். இதை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவர் சொன்ன "பத்தல"வில் எனக்கு மறக்க முடியாதது ஒன்று உண்டு. சரக்கெல்லாம் பெட்டிகளில் தயாராக இருக்கிறது. வாசலில் கன்டெய்னர் லாரி வந்து நிற்கிறது. ஏற்றுவதற்கு முன்னால் சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு ஜோடியை அவரிடம் கொடுத்தார்கள். கண்ணை மூடி நின்றார், நடந்தார், வந்து "பத்தல" என்றார். ஒரு லைனில் வேறொரு மாடலுக்கான கால் வடிவ அச்சுக்கட்டையை மாற்றிப் போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார், குரலை உயர்த்திப் பார்த்தார். அக்கா அசையவில்லை. ஏற்றுமதி நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த லாரியை ஓட்டி வந்திருந்தவர் ஏகாம்பரம் அண்ணன்தான். ஆம்பூருக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் நடுவே கன்டெய்னர் ஓட்டுவதுதான் அவருக்குப் பிழைப்பு. சரக்குச் சரியாகும்வரை வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். மத்தியானம் அக்கா டிபன் பாக்ஸோடு போனபோது, இப்படிக் குந்த வைத்துவிட்டாயே என்று முறைத்தார். "நீ என் ஊட்டுக்காரருன்னா ஷூ பெருசாய்டுமா? துன்னு" என்றார் அக்கா.

இந்த இரண்டு பேரும் உலகத்தைச் சுற்றக் கிளம்புவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். ஆனால் அக்காவின் மனதில் அது முன்பே விழுந்துவிட்டிருந்தது. ஒருமுறை வந்திருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், அவர்கள் ஊர்த் தெருவெல்லாம் கல் பதித்தது, உங்கள் வராண்டா சிமெண்டில் நடந்து பார்ப்பது போதாது என்று சொல்லிவிட்டுப் போனார். ரஃபீக் பாய் உடனே சாம்பிள் ரூமுக்குப் பின்னால் கூர்கூரான கருங்கற்களைப் பதித்து ஒரு பாதை போட்டுவிட்டார். மழையோ வெயிலோ, அக்கா அதிலும் நடக்க வேண்டும். ஒருநாள் நடந்துவிட்டு வந்து, செருப்பு மாட்டிக்கொண்டே, "நெஜத் தரை எப்பிடி இருக்குதுன்னு ஒரு வாட்டி போய் மிதிச்சுப் பாத்துடணும்" என்றார். வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போக அவரிடம் இருந்தது ரப்பர் செருப்புதான். அத்தனை ஷூ போட்ட காலுக்குச் சொந்தமாக ஒரு ஷூ கிடையாது.

விமானத்தில் போய், பேருந்தில் சுற்றிக் காட்டுகிறவர்களோடு சேர்ந்து பார்த்துவிட்டு வரலாமே என்றேன். அதற்குத்தான் வழியில்லை என்றார். ஏகாம்பரம் அண்ணனுக்கு அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் வாந்தி வந்துவிடும். வாழ்நாளில் பாதியை ஸ்டியரிங் பிடித்தே கழித்தவர், திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு மழைக்காலத்தில் பஸ்ஸில் போனால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் போவார். விமானம் ஒரு நாள் பாடு, பல்லைக் கடித்துக்கொள்ளலாம்; கார் என்றால் மூச்சு முட்டுமாம். அங்கேயே ஒரு வண்டியை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், அடுத்தவன் வண்டியின் பிரேக்கை நம்ப மாட்டாராம். ஆகவே அவருடைய சொந்த மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்ற வேண்டும், அதில் அவர் ஓட்ட வேண்டும், இவர் பின்னால் உட்கார வேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் அக்கா அந்தத் தரையை மிதிக்க முடியும். அண்ணனோ எப்போது பேச்செடுத்தாலும், "ஹார்பர் கேட்டு வரைக்கும்தான் எனக்கு வழி தெரியும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். வருடங்கள் இப்படியே போயின.

திடீரென்று ஒரு திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை. விட்டுவிட்டார் என்றார்கள். அடுத்த மாதமே சத்துவாச்சாரியில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றுவிட்டார்கள், வெளிநாடு போகப் போகிறார்கள் என்று தெரிந்தது. மகள் கவிதா அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். பேரன் பேத்தியைக் கொஞ்சுகிற வயதில் இதென்ன கூத்து என்று எங்கள் கம்பெனியிலேயே பேசினார்கள். எனக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான். இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று இருந்தது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயம் போனேன். அங்கே நான் கண்ட காட்சியை என்னவென்று சொல்ல. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, அக்கா வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். வழியில் அண்ணனுக்கு உடம்புக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காகவாம். பின்னால் அண்ணன். வாந்தி எடுக்கவில்லையா என்று கேட்டேன். "எங்க எடுக்கறது, வாய மூடனாதான? கிளட்ச்சப் புடி, பிரேக்கப் போடுன்னு ஊரே கேக்கற மாரி கத்திக்கினே வர்றாரு" என்றார் அக்கா.

கிளம்புகிற நாளன்று அவர்கள் ஆம்பூர் வழியாகச் சென்னை போவதால், கம்பெனி வாசலில் வழியனுப்பு ஏற்பாடு செய்தோம். சென்னையில் வண்டியை மரப்பெட்டியில் அடைத்துத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, அது கரை சேரும் நேரம் பார்த்து இவர்கள் விமானம் ஏறுவதாகத் திட்டம். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. ரஃபீக் பாயின் மனைவி பச்சைத் துணியில் காசு முடிந்து கொடுத்தனுப்பியிருந்த இமாம் ஜாமீனை, பயணம் போகிறவர்களுக்குக் காவல் என்று சொல்லி, பாய் அண்ணனின் கையில் கட்டினார். நான் என் பங்குக்கு ஜெபித்தேன். அதற்குப் பிறகு பாய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தார். சாம்பிள் ரூம் மொத்தமும் சேர்ந்து ரகசியமாகச் செய்த பூட்ஸ். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும். கறுப்பு எருமைத் தோல், உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல். நல்ல தோலாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய பாய், அதற்கான விலையையும் தானே கட்டியிருந்தார்.

அக்கா அழுதார். அழுதுகொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு பூட்ஸைப் போட்டார். எழுந்து நின்றார். பழக்கம் விடுமா, கண்ணை மூடிக்கொண்டார். நாங்களும் பழக்கத்தில் பேச்சை நிறுத்தினோம். நான்கு எட்டு நடந்து திரும்பி வந்தார். அந்த நேரத்தில் அவர் "ஆச்சு" என்று சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சென்னையில் போய்க் கழற்றிவிட்டு வேறு வாங்கிக்கொண்டிருக்கலாம். நாமெல்லாம் ஆசையாகக் கொடுப்பதை அப்படித்தானே வாங்கிக்கொள்கிறோம்?

"பத்தல பாய்" என்றார்.

பாய்க்கு முகம் செத்துவிட்டது. "இன்னாம்மா பேஜார் பண்ற? முப்பத்தேழுதான் போட்டேன். உன் காலு எனக்குத் தெரியாதா?" என்றார்.

"நீங்க போட்டது சரிதான் பாய். எனக்குத்தான் இப்ப முப்பத்தேழு இல்ல. காலு அகண்டுடுச்சு. அதனாலதான் வேலைய உட்டேன்."

ஊரைச் சுற்றிப் பார்க்க வேலையை விட்டார் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கா நிதானமாகச் சொன்னார். ஒருநாள் ஒரு புது மாதிரியைப் போட்டபோது சுண்டுவிரல் பக்கம் லேசாகப் பிடித்திருக்கிறது. ஷூவில் தப்பு என்று சொல்ல வாயெடுத்தவருக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அலமாரியில் இருந்த பழைய மாதிரி ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறார். அவரே "ஆச்சு" என்று சொன்ன மாதிரி அது. அதுவும் பிடித்தது. இன்னொன்றையும் போட்டார். அதுவும்தான். வயதானால் கால் கொஞ்சம் பரவும், அது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் அவர் கால்தானே எங்களுக்கு அளவு? நேராக மேனேஜரிடம் போய், இனிமேல் என் காலை நம்பி ஷூ செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டார். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சொன்னால் பாவம் பார்த்து எங்கேயாவது ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிடுவோமாம்.

இன்னும் பத்து வருடம் அந்த வேலையிலேயே ஓட்டியிருக்கலாம் அவர். கொஞ்சம் பிடித்தால் சரி என்று மனக்கணக்குப் போட்டுச் சமாளித்திருந்தால் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. ஏனென்றால் ஊருக்கெல்லாம் அளவாக இருந்த காலை நாங்கள் ஒருவருமே அளந்து பார்த்ததில்லை. அது தோன்றியதே இல்லை. பாய் அந்த வாசலிலேயே, உடைத்த பூசணிக்காய்ச் சிதறலுக்கு நடுவே மண்டி போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து அக்காவின் காலைச் சுற்றிப் பிடித்தார். "இத்தினி வருஷத்துல ஒரு வாட்டி கூட அளக்கல பாரும்மா" என்றார். முப்பத்தெட்டு. அகலமும் ஒரு சுற்று ஜாஸ்தி.

பயணம் ஒருநாள் தள்ளிப்போனது. பாய் வீட்டு விருந்தாளியாகத் தங்கினார்கள். பூட்ஸை முழுக்கப் பிரித்துப் புதிதாக வெட்டித் தைத்தார்கள். மறுநாள் மதியம் சாம்பிள் ரூமில், அக்கா முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு ஷூவைப் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடினார். வராண்டா முனைவரை போனார். அங்கேயே சிறிது நேரம் தையல் லைன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் "பத்தல"தானோ என்று நினைத்தோம். திரும்பி வந்தவர், "போலாமாங்க, நேரமாவுது" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கப் போனார். "ஏம்மா, ஒண்ணும் சொல்லாம போறியே?" என்று பாய் பின்னாலேயே ஓடினார். அப்போதுதான் அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஐய, மறந்தே போய்ட்டேன் பாய்" என்றார். பாய் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்ததை நீங்கள் பார்த்தீர்கள். அண்ணன் வண்டியை உதைத்தார், அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். லைன் ஜன்னலெல்லாம் தலைகள். நெடுஞ்சாலையில் திரும்பும்போது அண்ணன் லாரிக்காரர் வழக்கப்படி நீளமாக ஹாரன் அடித்தார். அக்கா கையை ஆட்டிக்கொண்டே போனார். எத்தனையோ பேரை வழியனுப்பியிருக்கிறேன். உடம்பு சிலிர்த்து நின்றது அன்று ஒருநாள்தான்.

ஒரு நாள் வீடியோவில் அழைத்தார். இத்தாலியில் ஏதோ ஒரு சின்ன ஊர். முகத்தைக் காட்டவில்லை, கேமராவைத் தரையைப் பார்த்துத் திருப்பிவிட்டார். கல்தான். ஆனால் பல காலம் ஆட்கள் நடந்து நடந்து வழவழவென்று ஆகியிருந்தது. "பாய்கிட்ட சொல்லு. நம்ம கல்லு ரொம்ப மோசம், இங்க தரை அப்பிடியெல்லாம் குத்தல. வழுக்குது. அதுக்குத்தான் பாக்கணும்" என்றார். கூரான அந்தக் கற்களை பாய் அந்த வாரமே பெயர்த்துவிட்டு வழுவழுப்பானவற்றைப் பதித்தார். மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக எத்தனையோ ஊர்களைச் சுற்றிவிட்டு வந்த மனுஷியின் போனில் ஒரு கோபுரம் இல்லை, ஏரி இல்லை. படமெல்லாம் தரை. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறே வலித்துவிட்டது.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு அவர் எனக்கு மட்டும் ஒன்று சொன்னார். ஜெர்மனியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் எங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தான் "ஆச்சு" சொன்ன மாடல். அந்தப் பெண் பஸ்ஸை விட்டுவிட்டு நடக்க ஆரம்பிக்க, இவரும் பின்னாலேயே போயிருக்கிறார். போலீஸைக் கூப்பிடப் போகிறாள் என்று அண்ணன் பதறிக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி ஓடியிருக்கிறார். "ரொம்ப தூரம் போனோம் ஸ்டெல்லா. அந்தப் பொண்ணு ஒரு வாட்டி கூடக் குனிஞ்சு ஷூவப் பாக்கல" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்ததை நான் வேறு எவர் முகத்திலும் பார்த்ததில்லை.

காரியத்தன்று ஆலங்காயம் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்து அண்ணனைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பத்தூரில் மகள் வீட்டோடு போய் இருப்பது, மோட்டார் சைக்கிளை விற்றுவிடுவது. கவிதா இப்போது மனம் மாறி, அப்பாவைத் தனியாக விட மாட்டேன் என்று அழுதாள். எல்லாரும் அதுதான் நல்லது என்றார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டினார். பிறகு என்னைத் தேடி வாசலுக்கு வந்தார். அக்கா வேலையை விட்டுவிட்டு வந்த நாளைப் பற்றிச் சொன்னார். வந்து காலை நீட்டிப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்தாராம். இவருக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் தட்டிக் கழித்தவர் தானாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கிளம்பலாமா என்று கேட்டாராம். "நான்தாம்மா முதல்ல கேட்டேன். அவ கேக்கல" என்றார். அதற்குப் பிறகு, "பொண்ணு ஊட்லயே போய் இருந்துடறேன். அது சரியாத்தான இருக்கும்?" என்றார்.

உள்ளே எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று சொல்வதுதான் மரியாதை, அதுதான் ஆறுதல். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற மனிதரை, இனிமேல் காலமெல்லாம் அடுத்தவர் வண்டியில் ஏற்றி உட்கார வைக்கப் போகிறோம் என்று பட்டது. "சரியா இருக்காதுண்ணா. வண்டிய விக்காதீங்க. நீங்க இங்கயே இருங்க, பொண்ண நெனச்சா ஓட்டிக்கினு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றேன். கவிதா என்னை முறைத்தாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அண்ணன் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சாவு விழுந்த நாளிலிருந்து அன்றுதான் அவர் குரல் பழையபடி பெரிதாக வந்தது. "கவிதா, வண்டி சாவி எங்கம்மா?" என்று வீட்டுக்குள் பார்த்துக் கேட்டார்.

கோமளா அக்காவிடமிருந்து என்னிடம் பொருளாக எதுவும் இல்லை. அன்பானவர்கள் சுற்றி நின்று "ஆச்சு" என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும்போது, அது சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லிவிடும் துணிவு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.